காலி செய்த வீட்டுக்கு அப்பாவைக் கொண்டுபோனது

ராயபுரத்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தபோது அம்மா சாவியைக் கொடுக்கவில்லை. அட்வான்ஸ் கைக்கு வந்தால் சாவி, அதுவரை கிடையாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். அந்தச் சாவி அவளுடைய சுருக்குப் பையில் வெற்றிலையோடு கிடந்தது. பிறகு நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

வீட்டுக்காரரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். தெற்கேயிருந்து சின்ன வயதில் வந்து, வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் வேலைக்கு நின்று, பிறகு சொந்தமாக ஆணி, கயிறு, பெயின்ட் விற்கும் கடை போட்டவர். கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவர் கட்டிய வீட்டின் மாடியில் அவர் குடும்பம், கீழே நாங்கள். நான் ஐந்தாவது படிக்கும்போது குடிவந்தோம். பி.காம் முடித்து, பாரிமுனையில் துறைமுகச் சரக்குகளுக்குக் கிளியரிங் வேலை பார்க்கும் ஒரு அலுவலகத்தில் நான் சேர்ந்த பிறகும் அங்கேயேதான் இருந்தோம். அத்தனை வருடத்தில் பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை. மோட்டார் போடுகிற நேரம், மாடியிலிருந்து கீழே சொட்டும் துணி, இந்த மாதிரி விஷயங்களுக்கு அம்மாவும் அண்ணாச்சியின் மனைவியும் சில நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்கள். பிறகு பேசிக்கொள்வார்கள்.

அப்பா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்து, கம்பெனி கொடுத்த விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். அண்ணாச்சி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'பிட்டரே' என்பார். கடை ஷட்டர் சிக்கிக்கொண்டால் அப்பா போய்ச் சரி செய்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்று இரும்பு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அண்ணாச்சியின் ஒரே மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டில் இடம் போதாது, கீழ் வீட்டில் அவர்களைக் குடிவைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு நாள் அண்ணாச்சி இறங்கி வந்து, சொல்லத் தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னார்.

"உங்க வூடு, உங்க பொண்ணு. இதுல கேக்கறதுக்கு இன்னா கீது அண்ணாச்சி" என்றார் அப்பா.

அவர் மாடிப்படி ஏறியதும் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "ஒரு வார்த்த என்னாண்ட கேட்டியா?" என்றாள். அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டார்.

என் அலுவலகத்தில் வேலை செய்த ஓர் அக்கா, வாடகை வழக்கொன்றுக்காக வருடக்கணக்கில் கோர்ட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். சொந்தத் தேவைக்கு என்றாலும் கோர்ட்டில் உத்தரவு வாங்கித்தான் குடித்தனக்காரரைக் கிளப்ப முடியும் என்றார். சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது என்றும் சொன்னார். மெட்ராஸில் அப்படி ஒரு வீட்டை நான் கேள்விப்பட்டதில்லை என்றேன். நானும்தான் என்றார். கடைசியாக, "சாவியைக் கையில குடுக்காத வரைக்கும் வீடு உங்க வசத்துலதான் இருக்குன்னு அர்த்தம்" என்றார். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னேன். அம்மா கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

திருவொற்றியூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு வீடு கிடைத்தது. மாதத்தின் நடுவில் சாமான்களை ஏற்றினோம். அந்த மாத வாடகையை அம்மா முதல் தேதியே அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தாள். வேனில் கடைசியாக அம்மியை ஏற்றும்போது அண்ணாச்சி கேட்டருகில் வந்து நின்றார்.

"தங்கச்சி, சாவியக் குடுத்துட்டுப் போங்க. வெள்ளையடிக்கணும்லா."

"துட்டு வந்தா சாவி வரும் அண்ணாச்சி."

"கல்யாணத்துல எல்லாம் போயிட்டு. ரெண்டு மாசம் பொறுத்துக்கிடுங்க. நான் எங்க போயிரப் போறேன்."

"நானும் எங்க போயிடப் போறேன். திர்வெத்தியூர்லதான் கீறேன். துட்ட எடுத்துகினு வாங்க, சாவிய வாங்கிகினு போங்க."

அப்பா வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார். அவர் திரும்பவில்லை.

சில நாள் கழித்து அண்ணாச்சி திருவொற்றியூருக்கே வந்தார். அம்மா காபி கொடுத்தாள். அதே பதிலையும் கொடுத்தாள். அப்பா அவரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்து, "அவரும் ஒரு பூட்டு போட்டுட்டாராம்" என்றார்.

"நம்ம பூட்டு மேலயா?"

"பக்கத்துல. கதவுல ரெண்டு தாப்பா கீது இல்ல."

"போடட்டும். அவராலயும் தொறக்க முடியாது, நம்மளாலயும் தொறக்க முடியாது."

"நல்லா பண்ணீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பின்பக்கம் துணிக்கொடிக்குக் கொக்கி அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் சத்தம் நின்றது. நான் கவனிக்கவில்லை. தம்பிதான் பார்த்தான். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பனியன் முழுக்க வேர்வை. ஆட்டோவில் ஏற்றிப் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஆட்டோக்காரர் எங்கெங்கோ சந்துகளில் புகுந்து போனார். ஆஸ்பத்திரியில் உடனே பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், செய்ய வேண்டியதைச் செய்தார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தம்பி அப்போது ஒரு லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். வாசலில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போய் உறவுக்காரர்களுக்குச் சொன்னான். எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்த புது வீட்டுக்கார அம்மாவுக்கும் சொன்னான். திரும்பி வந்து அம்மாவிடம் பேசாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தம்மா சொன்னதை அப்படியே சொன்னான். அந்தம்மா போனில் அழுதிருக்கிறார். பிறகு, "எம் பொண்ணு புள்ளத்தாச்சியா கீறா நைனா. இப்பவா அப்பவான்னு கீது. பாடிய மட்டும் இங்க எடுத்துகினு வராதீங்க. ஆஸ்பத்திரிலேர்ந்தே மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போயிடுங்க. வேற எதுன்னாலும் சொல்லுங்க, நான் செய்றேன்" என்றிருக்கிறார்.

இது புதிதல்ல. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். சில வீட்டுக்காரர்கள் குடிவரும்போதே சொல்லிவிடுவார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வந்து இரண்டு வாரம்கூட ஆகாத வீடு.

சித்தப்பாவின் வீடு வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு கட்டடத்தில் மூன்றாவது மாடி. அங்கே கொண்டுபோகலாம் என்றார். ஆனால் அந்தப் படிகளில் பாடையை இறக்க முடியாது என்று அவருக்கே தெரியும். எல்லோரும் பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஏன் நிற்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

"அந்தம்மா வேணாங்கறாங்கம்மா" என்றான் தம்பி.

"அது இல்ல. ராயபுரம்."

"அங்க அவரு பூட்டு கீதும்மா" என்றேன் நான்.

"நம்ம பூட்டும் கீது. வாடகை குடுத்துக்கீறேன். மாசம் முடியல."

அவள் சொன்னது சரிதான். மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. அந்த வீடு அப்போது எங்கள் வீடுதான். சித்தப்பா வேன் பேசப் போனார்.

ராயபுரம் பக்கம்தான். சந்துக்குள் வேன் ரிவர்ஸிலேயே வந்து நின்றது. எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்து, அம்மாவைப் பார்த்ததும் இறங்கி வந்தார்கள். அம்மா நேராகக் கதவருகே போய் எங்கள் பூட்டைத் திறந்தாள். கடல் காற்றில் அதற்குள் துரு ஏறியிருந்தது. இரண்டு தடவை திருப்பிய பிறகு திறந்தது. அண்ணாச்சியின் பூட்டு மேல் தாழ்ப்பாளில் தொங்கியது. புதுசு, பித்தளை.

அண்ணாச்சியின் மனைவி மாடிப்படியில் பாதி வரைக்கும் வந்தார். வேனுக்குள் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அவர் கையால் அப்பா எத்தனையோ நாள் காபி குடித்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்க இறக்கப்படாது தங்கச்சி" என்றார். "பிள்ள வெள்ளிக்கிழம பால் காய்ச்ச வாரா. நாள் குறிச்சாச்சு."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா கொண்டாந்தீங்க."

"எங்க எடுத்துகினு போவேன், நீங்களே சொல்லுங்க."

சாவி தன்னிடம் இல்லை, கடையில் இருக்கும் தன் கணவரிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. எதிர் வீட்டிலிருந்து கடைக்குப் போன் செய்தார்கள்.

வெயில் ஏறியிருந்தது. வேனின் பின்கதவு திறந்தே இருந்தது. சந்துப் பையன்கள் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். தம்பியோடு கிரிக்கெட் ஆடியவர்கள். அதில் ஒருவன் எங்கிருந்தோ கடப்பாரை கொண்டுவந்தான். "நவுருங்க, ஒரே போடு. பேஜாரே இல்ல" என்றான்.

அம்மா கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். "வாணாம்பா. அது அவரு பூட்டு. அவரு வந்து தொறக்கட்டும்."

"தொறக்கலன்னா?" என்றார் சித்தப்பா.

"வரட்டும்" என்றாள் அம்மா.

அண்ணாச்சி டி.வி.எஸ் பிப்டியில் வந்தார். வண்டியை ஸ்டாண்ட் போடாமல் எதிர் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வேனிடம் போனார். அப்பாவின் முகத்தை மட்டும் மூடாமல் விட்டிருந்தார்கள். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"எப்ப?" என்று தம்பியைக் கேட்டார்.

"இப்பதான் அண்ணாச்சி. காலைல நல்லாத்தான் இருந்தாரு."

மாடியிலிருந்து அவர் மனைவி கூப்பிட்டார். அவர் போனார். மேலே பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தைகள் புரியவில்லை. பெண் குரல்தான் அதிகம் கேட்டது. அந்தச் சமயத்தில் எனக்கு அழுகை வரவில்லை. அவர் மாட்டேன் என்று சொன்னால் அந்தக் கடப்பாரையை அம்மா அனுமதிப்பாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி இறங்கி வந்தார். அம்மா விலகி நின்றாள். பூட்டைத் திறந்து, பூட்டையும் சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதவைத் தள்ளிவிட்டுத் தம்பியிடம், "உள்ள தூசியாக் கிடக்கும். முதல்ல கூட்டிக் கழுவி விடுங்க" என்றார். உள்ளே வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாடை கட்டக் கயிறு வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கடைப் பையன் ஒரு சுருள் கயிறோடு வந்து இறங்கினான்.

வீடு காலியாக இருந்தது. நாங்கள் காலண்டர் மாட்டிய ஆணிகள், பீரோ நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். கூடத்தில் அப்பாவைக் கிடத்தினோம். சாயங்காலம் மூலக்கொத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அதோடு விஷயம் முடியவில்லை. அப்பாவைக் கிடத்திய இடத்தில் விளக்கு ஏற்றி வைத்திருந்தோம். பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் அது எரிய வேண்டும் என்பது வழக்கம். புது வீட்டுக்கார அம்மாவும் அதையெல்லாம் முடித்துவிட்டே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதனால் காலி செய்த வீட்டிலேயே மறுபடியும் குடியிருந்தோம். பாய், தலையணை, இரண்டு பாத்திரம், ஒரு ஸ்டவ். நானும் தம்பியும் திருவொற்றியூருக்குப் போய் வேண்டியதை எடுத்து வருவோம். அம்மா வாசலைத் தாண்டவில்லை.

மாடியில் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார்கள். அப்பா இறந்த நட்சத்திரத்துக்கு அடைப்பு உண்டாம். அந்த நட்சத்திரத்தில் இறந்தால் உயிர் பிரிந்த அறையைச் சில மாதம் மூடி வைக்க வேண்டும் என்பார்கள். அப்பாவின் உயிர் போனது ஆஸ்பத்திரியில் என்று சித்தப்பா சொல்லிப்பார்த்தார். அண்ணாச்சியின் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே பெட்டியை எடுத்துக்கொண்டு மகளிடம் போய்விட்டார். மகள் குடிவரவில்லை.

இதற்கிடையில் மாதம் முடிந்தது. முதல் தேதி காலையில் அம்மா என்னிடம் வாடகையைக் கொடுத்து மேலே அனுப்பினாள். அண்ணாச்சி தனியாக இருந்தார். "வாடக வேண்டாம் பாப்பா. கருமாதி முடிஞ்சதும் சாவியக் குடுத்துருங்க, அது போதும்" என்றார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு கீழே வந்தேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓசில இருக்க நாம இன்னா சத்திரத்துலயா கீறோம்" என்று மறுபடியும் என்னை மேலே அனுப்பினாள். அவர் மறுபடியும் வாங்கவில்லை.

துக்கம் கேட்க வந்த அலுவலக அக்காவிடம் இதைச் சொன்னேன். "வாங்கினா நீங்க திரும்பக் குடித்தனக்காரங்க ஆயிடுவீங்க இல்ல. யாரோ அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார். எனக்கு அது தோன்றவில்லை. அவர் எதற்காக வாங்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம்.

கருமாதி முடிந்த அன்று சாயங்காலமே கிளம்பினோம். அண்ணாச்சி யாரிடமோ கைமாற்று வாங்கி அட்வான்ஸைக் கொண்டுவந்திருந்தார். முழுதாக இல்லை. இரண்டு விஷயத்துக்குப் பிடித்திருக்கிறேன் என்றார். ஒன்று வெள்ளையடிக்க, இன்னொன்று வீட்டில் ஓமம் செய்ய.

"வெள்ளையடிக்கறது சரி அண்ணாச்சி" என்றாள் அம்மா. "இத்தினி வருஷம் இருந்தோம், செவுரு அழுக்காத்தான் கீது. ஓமத்துக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?"

"அடைப்பு நட்சத்திரம் தங்கச்சி. செய்யாம யாரு குடிவருவா. ஊர்ல எல்லாரும் செய்யுததுதான்."

"செய்ங்க. உங்க வூடு. ஆனா எம் புருசன் செத்ததுக்கு நான் தண்டம் கட்ட மாட்டேன்."

"தண்டம்னு ஏன் சொல்லுதீங்க."

"வேற இன்னான்னு சொல்றது. வூட்டக் கலீஜ் பண்ணிட்டு போனாரா அவரு?"

அண்ணாச்சி கதவின் மேல் தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு நான் திறந்துவிட்டேன்லா" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

"தொறந்தீங்க. சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். எம் புள்ளைங்களும் மறக்காது. அது வேற, இது வேற."

கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். சாவியையும் கொடுத்துவிட்டாள். மீதியைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

அவர் கொண்டுவரவில்லை. சில மாதம் பார்த்துவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று நான்தான் கேட்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "அனுப்பு" என்றாள். அக்காவின் வக்கீலிடம் போனேன். தொகையைக் கேட்டதும், இதைவிட என் பீஸ் அதிகம் என்று சிரித்தார். விவரத்தைக் கேட்ட பிறகு சிரிக்கவில்லை. குடியிருந்தவரின் சம்மதம் இல்லாமல் இப்படிப் பிடிக்க முடியாது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். தபால் செலவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த வாரமே அண்ணாச்சி வந்தார். ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். இளைத்திருந்தார். நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார்.

"பிட்டர் இருந்திருந்தா இத அனுப்பியிருப்பாரா தங்கச்சி?"

"மாட்டாரு" என்றாள் அம்மா. "அவரு இருந்திருந்தா உங்களாண்ட அட்வான்ஸே கேட்டிருக்க மாட்டாரு. அதுக்குத்தான் நான் கேட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். மகள் பெரம்பூரில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாளாம். மனைவி அங்கேயே இருக்கிறாராம். கடைக்குப் பக்கத்து மெஸ்ஸில் அவர் சாப்பிடுகிறார். கீழ் வீடு பூட்டியே கிடக்கிறது. இதையெல்லாம் குறை சொல்வதுபோலச் சொல்லவில்லை. கடையில் சரக்கு நிலவரம் சொல்வதுபோலச் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள்.

"ஓமம் செஞ்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. அவதான் செய்யணும்னா. அப்புறம் அவளே போயிட்டா. தனியா உக்காந்து யாரு செய்யுதது. வெள்ள மட்டும் அடிச்சேன்."

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் காபியைக் குடித்துவிட்டுப் பணத்தை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு பேப்பரில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, நோட்டீஸோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார். அம்மா வாசல் வரைக்கும் போனாள். "அக்காவப் போய்க் கூட்டிகினு வாங்க அண்ணாச்சி. நீங்க போனாத்தான் வருவாங்க" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

நோட்டீஸ் அனுப்பியது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த மதியம் அவருக்குப் பூட்டைத் திறக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். மாதம் முடியவில்லை, வாடகை கொடுத்திருக்கிறோம் என்பதெல்லாம் கோர்ட்டில் சொல்ல உதவும். வேன் வாசலில் நிற்கும்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை.

அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்க வண்ணாரப்பேட்டைக்குப் போனபோது அம்மா என்னிடம் சொல்லாமலே அவர் கடைக்குள் நுழைந்தாள். அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். மனைவி வந்துவிட்டார் என்றும், மகளுக்கு ஆண் குழந்தை என்றும் சொன்னார். கீழ் வீட்டுக்கு ஒரு வேதக்காரக் குடும்பம் வந்திருக்கிறதாம், கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு அடைப்பெல்லாம் கிடையாது, விசாரித்துவிட்டுப் பரவாயில்லை என்று சொல்லி வந்துவிட்டார்களாம். அம்மா கொஞ்சம் ஆணி வாங்கினாள். விலை கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

திருவொற்றியூர் வீட்டுக்கார அம்மாவோடு அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. "புள்ளத்தாச்சி வூடு, அவங்க வேற இன்னா சொல்வாங்க" என்பாள். கருமாதிக்கு அந்தம்மா அரிசியும் காய்கறியும் எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்கே வந்திருந்தார். அந்த வீட்டில் சில வருடம் இருந்தோம். தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, இடம் போதாமல் காலி செய்தபோது, சாமான் ஏற்றி முடிப்பதற்கு முன்னாலேயே அட்வான்ஸை எடுத்துவந்து அம்மா கையில் கொடுத்தார். அம்மா சாவியைக் கொடுத்தாள்.

அப்போது வீடு தேடுவதற்கு நானும் அம்மாவும் அலைந்தோம். வாடகை, தண்ணீர், கரண்ட் மீட்டர் பற்றியெல்லாம் நான் கேட்பேன். நான் ஆரம்பிப்பதற்கு முன்னால் அம்மா ஒரு கேள்வி கேட்பாள். "நாளைக்கு எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, பாடிய இங்க எடுத்துகினு வர உடுவீங்களா?" சாதாரணமாகத்தான் கேட்பாள். சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு அம்மா, காலையில் வந்து என்ன பேச்சு இது என்று கதவைச் சாத்திக்கொண்டார். சிலர் அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அம்மா அவர்களிடம் மேற்கொண்டு பேசவில்லை.

தண்டையார்பேட்டையில் ஒரு ரிட்டயர்ட் ரயில்வேக்காரர் மட்டும் அம்மாவின் கேள்வியைக் கேட்டதும், "வேற எங்கம்மா எடுத்துகினு போவீங்க" என்றார். அந்த வீட்டையே பிடித்தோம். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வந்தது. மாடிக்குப் போகிற படியில் மழைக்காலம் முழுக்க ஒழுகியது. தம்பி மனைவிக்கு அந்த வீடு கடைசிவரை பிடிக்கவில்லை.